டிலே க்யூ வைத்தால் ப்ராசஸர் அடங்காமல் ஓடுவது ஏன்? கரை திரும்பாத படகுக்கான எச்சரிக்கை நிரல் பற்றி

வணக்கம். நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மண்டபம் தென்கடல் பக்கத்து நாட்டுப்படகுகளுக்காக ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள். படகு கடலுக்குக் கிளம்பும்போது அதன் எண்ணும் கரை திரும்ப வேண்டிய நேரமும் சங்க அலுவலகத்தில் இருக்கும் கணினியில் பதியப்படுகின்றன. அந்த நேரம் கடந்த பிறகும் படகு வந்து சேர்ந்ததாகப் பதிவு இல்லையென்றால் சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) கைபேசிக்கு ஒரு செய்தி போக வேண்டும். இதற்கு டிலே க்யூவை, அதாவது போட்ட பொருளை அதன் நேரம் வந்த பிறகே வெளியே விடும் ஜாவா வரிசையை, பயன்படுத்தினீர்கள். இப்போது நான்கு தொல்லைகள்: கடலில் ஒரு படகு இருந்தாலும் ப்ராசஸர் இரவு முழுவதும் உச்சத்தில் ஓடுகிறது, சில செய்திகள் ஒரு நிமிடத்துக்குள்ளான அளவில் முன்கூட்டியே போய்விடுகின்றன, கரை வந்து சேர்ந்த படகுக்கும் சில சமயம் எச்சரிக்கை போகிறது, மின்சாரம் போய் வந்தால் க்யூவில் இருந்தது எல்லாமே மறைந்துவிடுகிறது. ஆகவே இந்த க்யூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகுக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) என்று வைத்து ஒவ்வொன்றையும் தூங்கவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி த்ரெட்டா க்யூவா என்பதாக எழுதப்பட்டிருந்தாலும், இந்த க்யூ எதற்குப் பொறுப்பேற்கிறது, எது நிரல் எழுதுபவரின் தலையில் விழுகிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆகவே முதல் இரண்டு தொல்லைகளுக்கு நான் சொல்வது அறிகுறிகளை வைத்துச் செய்த கணிப்பு. ஆனால் அறிகுறிகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு பொருந்துவதால் கணிப்பில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. க்யூ எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிச் சொல்வது மட்டும் கணிப்பு அல்ல. அது ஜாவாவின் ஆவணத்திலும் மூல நிரலிலும் வெளிப்படையாக இருப்பது. நான் பாம்பனில் வளர்ந்து, பதினேழு ஆண்டுகளாகச் சர்வர் பக்க நிரல்கள் எழுதிப் பிழைப்பவன். இந்த க்யூவினால் நானும் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிலே க்யூ 2004-இல் வந்த ஜாவா 5-இன் கன்கரன்ட் தொகுப்பில் (பல த்ரெட்கள் சேர்ந்து வேலை செய்ய உதவும் வகுப்புகள்), டக் லீ முன்னின்று உருவாக்கிய பல வகுப்புகளோடு சேர்ந்து வந்தது. உள்ளே பார்த்தால் அது ஒரு சாதாரண ப்ரயாரிட்டி க்யூ (முந்தியதை முன்னால் நிறுத்தும் வரிசை), அதைக் காக்கும் ஒரே ஒரு லாக் (பூட்டு), காத்திருப்பவர்களை எழுப்ப ஒரு கண்டிஷன், அவ்வளவுதான். அதில் போடப்படும் ஒவ்வொரு பொருளும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'கெட்டிலே' என்பது உனக்கு இன்னும் எவ்வளவு நேரம் மீதி இருக்கிறது என்ற கேள்வி. 'கம்பேர்டூ' என்பது நீ முந்தியவனா அவன் முந்தியவனா என்ற கேள்வி. நேரம் நெருங்கியது தலைப்பக்கம் நிற்கும். 'டேக்' என்று கேட்டு வரும் த்ரெட், தலையில் நிற்கும் பொருளிடம் மீதி நேரத்தைக் கேட்டு, பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் எடுத்துக்கொண்டு போகும். இல்லையென்றால் அத்தனை நேரம் தூங்கும். எழுந்ததும் மறுபடி கேட்கும். க்யூவுக்கென்று சொந்தமாக ஒரு கடிகாரம் இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். உங்கள் பொருள் சொல்வதை அது அப்படியே நம்புகிறது. பொருள் தவறாகச் சொன்னால் க்யூ தவறாகவே நடக்கும், அதுவும் ஒரு முனகல் கூட இல்லாமல்.

பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் 'டேக்' கேட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். வலையைப் பாய்ச்சிவிட்டுக் காத்திருக்கும் இரவில், படகில் ஒருவர் மட்டும் விழித்திருந்து நேரம் பார்க்க, மற்றவர்கள் அணியத்துப் பக்கம் படுத்துவிடுவார்கள். விழித்திருந்தவர் வேலையைத் தொடங்கும்போது அடுத்தவரைத் தட்டி எழுப்புவார். இந்த க்யூவும் அதையே செய்கிறது. ஒரே ஒரு த்ரெட் மட்டும் தலைப் பொருளின் நேரம் பார்த்து அளவாகத் தூங்கும். மற்றவை காலவரையின்றித் தூங்கும். தலைப் பொருளைவிட முன்னதாக முடியும் புதிய பொருள் ஒன்று வந்து சேர்ந்தால், பழைய காவல் ரத்தாகி ஒரு த்ரெட் எழுப்பப்படும். ஆகவே எத்தனை படகு இருந்தாலும் க்யூ ப்ராசஸரைத் தின்னக் காரணமே இல்லை. உங்களிடம் தின்கிறது என்றால் யாரோ அதைத் தூங்கவிடவில்லை.

தூங்கவிடாதது உங்கள் 'கெட்டிலே' என்று நினைக்கிறேன். அந்த மெத்தட்டுக்கு (பொருள் பதில் சொல்லும் நிரல் பகுதிக்கு) ஒரு டைம்யூனிட், அதாவது நேர அலகு, கொடுக்கப்படுகிறது. பதிலை அந்த அலகில்தான் சொல்ல வேண்டும். க்யூ உள்ளிருந்து கேட்கும்போது எப்போதும் நானோவினாடியில் (ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) கேட்கிறது. நீங்கள் திரும்பும் நேரத்தை நிமிடக் கணக்கில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கப்பட்ட அலகைக் கண்டுகொள்ளாமல் நிமிடங்களையே பதிலாகத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் மீதி இருக்கும் படகு '540' என்று சொல்கிறது. க்யூ அதை 540 நானோவினாடி என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சொல்ல வேண்டியது 32.4 லட்சம் கோடி. 540 நானோவினாடி தூங்கி எழுந்த த்ரெட் மறுபடி கேட்கிறது, மறுபடி '540' என்ற பதில், மறுபடி தூக்கம். ஜாவா 8-இல் இது இன்னும் மோசம்: ஆயிரம் நானோவினாடிக்குக் குறைவான காத்திருப்புக்குத் த்ரெட்டைத் தூங்க வைப்பதே வீண் என்று கருதி அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்படியே விடப்படுகிறது. விடியும்வரை இதேதான். வேடிக்கை என்னவென்றால் முடிவு ஏறக்குறைய சரியாகவே வந்துவிடும், ஏனெனில் மீதி நிமிடம் பூஜ்யமாகும்போது பொருள் வெளியே வருகிறது. அதனால்தான் இந்தப் பிழை சோதனையில் சிக்குவதில்லை. கணினி மின்விசிறியின் சத்தத்தில்தான் தெரியும்.

உங்கள் இரண்டாவது தொல்லையும் இதே பிழையின் மறுமுகம். ஜாவாவில் முழு எண் வகுத்தலும் டைம்யூனிட் மாற்றமும் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். இன்னும் 59 வினாடி இருக்கிறது என்றால் நிமிடக் கணக்கில் அது பூஜ்யம். பூஜ்யம் என்று பொருள் சொன்னதும் க்யூ அதை விடுவித்துவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் எந்தச் செய்தியும் முந்தவில்லை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது இந்தக் கணிப்பை எனக்கு உறுதியாக்கியது. ஐந்து பத்து நிமிடம் முந்தியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன். திருத்தம் எளிது. திரும்ப வேண்டிய கணத்தை மில்லிவினாடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'கெட்டிலே' உள்ளே அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, வரும் மில்லிவினாடியை, கொடுக்கப்பட்ட அலகின் 'கன்வர்ட்' மெத்தட் வழியாக மாற்றி அனுப்புங்கள். நடுவில் நிமிடம், வினாடி என்று எந்தப் பெரிய அலகுக்கும் போய் வராதீர்கள்.

இனி 'கம்பேர்டூ'. நான் அடிபட்டது இதில்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் நினைவூட்டல்கள் அனுப்பும் ஒரு நிரலில், இரண்டு நேரங்களைக் கழித்து, வந்த விடையை 'இன்ட்' ஆக, அதாவது 32 பிட் முழு எண்ணாக, சுருக்கித் திருப்பி அனுப்பியிருந்தேன். மில்லிவினாடியில் இன்ட் தாங்கும் அளவு 24 நாளும் சுமார் இருபதரை மணி நேரமும்தான். சோதனைகள் எல்லாம் ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று நடந்ததால் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒருவர் முப்பது நாள் நினைவூட்டல் ஒன்றைப் போட்டார். கழித்தல் வரம்பு மீறி எதிர்க்குறி எண்ணாக மாற, முப்பது நாள் பொருள் ஐந்து நிமிடப் பொருளைவிட முந்தியதாகி க்யூவின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. தலையில் இருப்பது நேரம் முடியாமல் பின்னால் எதுவும் வெளிவராது. பிழைச் செய்தி கிடையாது, ப்ராசஸர் அமைதி, பதிவுக் கோப்பில் ஒரு வரி கூட இல்லை. நினைவூட்டல்கள் மட்டும் நின்றுபோயின. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உங்கள் கடைசி வரி. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு ஒரு நினைவூட்டலையும் இதே க்யூவில் போட்டு வைக்கும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உங்கள் 'கம்பேர்டூ'வும் என்னுடையதைப் போல இருந்தால் என்ன நடக்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 61 நாள் என்பது 527 கோடி மில்லிவினாடிக்குச் சற்று மேல். இன்ட்டின் முழுச் சுற்று ஏறத்தாழ 429 கோடி, அதாவது 49 நாளும் 17 மணி நேரமும். ஆகவே முதல் நாளில் வித்தியாசம் ஒரு முழுச் சுற்றைத் தாண்டிப் போய், தற்செயலாக மறுபடி நேர்க்குறியிலேயே வந்து நிற்கும். எல்லாம் சரியாக ஓடும். பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 26 வாக்கில், வித்தியாசம் அந்தச் சுற்றுக்குக் கீழே இறங்கியதும் அது எதிர்க்குறியாக மாறிவிடும். அன்று முதல் மே 21 வாக்கில் வித்தியாசம் 24 நாள் சொச்சத்துக்குக் குறையும் வரை, அன்றாடம் கடலுக்குப் போகும் நாட்டுப்படகுகளின் எச்சரிக்கைகள் அந்த ஒற்றை நினைவூட்டலின் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். பிறகு புதிதாகப் போடுபவை தானாகவே சரியாக ஓடத் தொடங்கும்! இப்படிப்பட்ட பிழையை யாரும் வந்து புகாராகக் கூடச் சொல்ல முடியாது. கழித்தலே வேண்டாம், 'லாங்' (பெரிய முழு எண்) வகுப்பில் இருக்கும் 'கம்பேர்' மெத்தட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு படகுக்கு நேரம் ஒன்றாக இருந்தால் எது முதலில் வரும் என்பதற்கு இந்த க்யூ எந்த உறுதியும் தருவதில்லை. வரிசை முக்கியம் என்றால் பதிவு எண் ஒன்றை ஏறுவரிசையில் கொடுத்து, சமமாக வரும்போது அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அது தேவைப்படாது.

அடுத்து மூன்றாவது தொல்லை. இதில் க்யூவின் மேல் குற்றமே இல்லை, ஆனால் திருத்துவதற்கு இதுதான் கடினம். படகு கரை வந்ததும் அதன் எண்ணை வைத்து ஒரு புதிய பொருளைச் செய்து, 'ரிமூவ்' கேட்டு எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 'ரிமூவ்' பொருள்களை 'ஈக்வல்ஸ்' (இரண்டு பொருளும் ஒன்றா என்று சொல்லும் மெத்தட்) கொண்டுதான் அடையாளம் காண்கிறது. நீங்கள் 'ஈக்வல்ஸ்' எழுதவில்லையென்றால், உள்ளே இருப்பதும் நீங்கள் கொடுப்பதும் ஒரே படகின் எண்ணைச் சுமந்தாலும் வெவ்வேறு பொருள்கள்தான்; 'ஃபால்ஸ்' என்று சொல்லிவிட்டு அது போய்விடும், அந்தப் பதிலை யாரும் பார்ப்பதில்லை. 'ஈக்வல்ஸ்' எழுதிவிட்டால் பெரும்பாலான தவறான எச்சரிக்கைகள் நின்றுவிடும். பெரும்பாலான என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலை ஐந்து மணி கெடு என்று வையுங்கள். சரியாக ஐந்துக்கு எச்சரிக்கை த்ரெட் பொருளை க்யூவிலிருந்து எடுத்துவிட்டது. செய்தியை இன்னும் அனுப்பவில்லை. அதே கணத்தில் இறங்குதளத்தில் நிற்பவர் படகு வந்ததைப் பதிகிறார். க்யூவில் எடுக்க எதுவும் இல்லை, ஆகவே 'ரிமூவ்' தோற்கிறது. செய்தி போகிறது. வீட்டில் இருப்பவர் பதறி ஜெட்டிக்கு ஓடி வந்தால், படகுக்காரர் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருப்பார்.

இந்த இடைவெளியை க்யூவைக் கொண்டு அடைக்க முடியாது. படகு கடலில் இருக்கிறதா கரையிலா என்ற உண்மை ஒரே இடத்தில், டேட்டாபேஸ் அட்டவணையில், இருக்க வேண்டும். அந்த வரியை மாற்றும் உரிமைக்காகத்தான் இரண்டு பக்கமும் போட்டியிட வேண்டும். எச்சரிக்கை த்ரெட் செய்தி அனுப்புமுன், 'இந்தப் பயணத்தின் நிலை இன்னும் கடலில் என்று இருந்தால் மட்டும் எச்சரிக்கப்பட்டது என்று மாற்று' என ஒரே கட்டளையில் கேட்க வேண்டும். ஒரு வரி மாறியது என்று பதில் வந்தால் மட்டும் அனுப்ப வேண்டும். முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு தனியாக மாற்றுவது கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் படகு வந்து சேரும். இப்படிச் செய்துவிட்டால் க்யூவிலிருந்து 'ரிமூவ்' செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பழைய பொருள் தன் நேரம் வந்ததும் வெளியே வரும், அட்டவணையைப் பார்க்கும், தனக்கு வேலை இல்லை என்று கண்டு பேசாமல் போய்விடும். இருநூறு படகுக்கு இந்த மிச்சங்கள் எடுத்துக்கொள்ளும் நினைவகம் ஒரு பொருட்டே அல்ல.

இங்கே படகு எண்ணை மட்டும் அடையாளமாக வைக்காமல், பயணத்துக்கு ஒரு எண் கொடுங்கள். நேற்றுப் போன பயணத்தின் பழைய பொருள் இன்று மறுபடி கடலுக்குப் போயிருக்கும் அதே படகைப் பார்த்து அலறாமல் இருக்க அது வேண்டும். கெடுவை நீட்டும்போதும் இதுவே உதவும். கச்சான் காற்று பலமாக இருக்கிறது, இரண்டு மணி நேரம் தாமதமாகும் என்று கடலிலிருந்து தகவல் வந்தால், க்யூவுக்குள் இருக்கும் பொருளின் நேரத்தைக் கையால் மாற்றாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு ஹீப் (முந்தியது உச்சியில் நிற்கும் மர அமைப்பு). போடும்போதும் எடுக்கும்போதும்தான் அது ஒழுங்கு பார்க்கும். நடுவில் ஒருவர் மனம் மாறியது அதற்குத் தெரியாது. அட்டவணையில் புதிய கெடுவை எழுதிவிட்டு, புதிய பொருள் ஒன்றைப் போடுங்கள். பழையது வெளிவரும்போது அட்டவணையில் இருக்கும் கெடு தன்னுடையது அல்ல என்று கண்டு விலகிவிட வேண்டும். அதற்கு மேலே சொன்ன கட்டளையில் கெடுவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.

நான்காவது தொல்லைக்கும் விடை ஏறக்குறைய சொல்லியாகிவிட்டது. டிலே க்யூ முழுக்க நினைவகத்தில் இருப்பது. ப்ராசஸ் செத்தால் அதுவும் செத்தது. அட்டவணை இருந்தால், நிரல் எழும்போது கடலில் இருக்கும் பயணங்களை எல்லாம் படித்து மறுபடி க்யூவில் போட்டுவிடலாம். கெடு கடந்துபோனவை உடனே வெளிவரும், அதுதான் நமக்கு வேண்டியதும்.

எந்தக் கடிகாரம் என்ற கேள்வியில் மட்டும் என் கருத்து வழக்கமாகச் சொல்லப்படுவதிலிருந்து மாறுபடும். நேர இடைவெளிகளை அளக்க 'நானோடைம்' (தேதி, மணி இல்லாமல் கடந்த நேரத்தை மட்டும் எண்ணுவது) பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சுவர்க்கடிகாரத்தை (கணினி காட்டும் தேதி, மணியை) யாராவது திருத்தினால் கணக்கு தவறிவிடும் என்பார்கள். பொதுவாக அது சரி. ஆனால் உங்கள் சர்வர் சங்க அலுவலகத்தில் இருக்கும் ஒரு லேப்டாப். லினக்ஸில் 'நானோடைம்' நம்பியிருக்கும் கடிகாரம் கணினி உறங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாரோ மூடியைச் சாத்திவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், எச்சரிக்கையும் மூன்று மணி நேரம் பிந்தும். மேலும் அந்த எண் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டுமே பொருள் உள்ளது. அட்டவணையில் எழுதி வைக்க முடியாது. ஆகவே உங்கள் வேலைக்குச் சுவர்க்கடிகார நேரத்தையே வைத்து, கணினியின் நேரம் இணையத்தோடு ஒத்துப்போகும்படி அமைத்துவிடுவது நல்லது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. 'டேக்' ஒருமுறை மீதி நேரத்தைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனால், அந்தத் தூக்கத்தின் நீளம் பழைய கணக்குப்படிதான். நடுவில் கடிகாரம் முன்னால் தள்ளப்பட்டாலும் கணினியே உறங்கி எழுந்தாலும் அதற்குத் தெரியாது. எனவே 'டேக்' வேண்டாம். முப்பது வினாடி வரம்பு வைத்து 'போல்' (poll) என்று கேட்டு, எதுவும் வராவிட்டால் திரும்பவும் கேட்கும்படி சுற்றில் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தலைப் பொருளிடம் நேரம் புதிதாகக் கேட்கப்படுவதால், எது நடந்தாலும் தவறு முப்பது வினாடி அளவில் நின்றுவிடும். நிரலை நிறுத்தும்போது த்ரெட்டை அடக்குவதும் எளிதாகும். பின்னாளில் லேப்டாப்பை விட்டு வாடகைச் சர்வருக்குப் போனால், அவற்றில் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியே அமைந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். 'காலை ஐந்து' என்று பதிந்தது நம் நேரத்துக்குப் பத்தரை மணி ஆகிவிடும்.

சிறிய விஷயங்கள் சில. 'பீக்' நேரம் முடியாத பொருளையும் காட்டும். 'சைஸ்' முடியாதவற்றையும் சேர்த்தே எண்ணும். இவற்றை வைத்து எத்தனை படகு தாமதம் என்று திரையில் காட்டாதீர்கள். இந்த க்யூவுக்குக் கொள்ளளவு வரம்பு கிடையாது, ஆகவே 'புட்' ஒருபோதும் காத்திருக்காது. க்யூவிலிருந்து எடுக்கும் த்ரெட்டே செய்தியையும் அனுப்பினால், செய்தி அனுப்பும் சேவை இருபது வினாடி இழுத்தடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்பவை எல்லாம் இருபது வினாடி பிந்தும். காற்று திரும்பிய நாளில் ஐம்பது படகு ஒன்றாகத் தாமதமாகும். அன்றைக்குத்தான் இது தெரியும். அனுப்பும் வேலையைத் தனியாக நான்கைந்து த்ரெட்களிடம் கொடுத்துவிடுங்கள். சுற்றுக்குள் எழும் எந்த எக்செப்ஷனையும் (ஓட்டத்தில் வரும் பிழையையும்) சுற்றுக்குள்ளேயே பிடித்துப் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு தவறான கைபேசி எண் அந்தத் த்ரெட்டைக் கொன்றுவிட்டால் அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் போகாது.

இனி நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். படகுக்கு ஒரு த்ரெட் என்பது இருநூறு படகுக்கு நடக்காத காரியம் அல்ல. ஜாவா 21-இல் வந்த, மிக இலகுவான வர்ச்சுவல் த்ரெட்களில் ஆயிரக்கணக்கில் தூங்கவிட்டாலும் கணினிக்கு வலிக்காது. ஆனால் மின்சாரம் போனால் அவையும் போகும், படகு வந்த கணத்துப் போட்டியும் அப்படியே இருக்கும், கெடுவை நீட்ட வேண்டுமென்றால் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஜாவாவில் ஏற்கெனவே இருக்கும் 'ஷெட்யூல்டு' எக்ஸிக்யூட்டர் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) இன்னொரு வழி. அது டிலே க்யூவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வேலையும் ஹீப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும் தனி க்யூ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது, அதனால் ரத்து செய்த வேலையை முழு வரிசையையும் துழாவாமல் எடுக்க முடிகிறது. ஆனால் ரத்து செய்ததும் எடுத்துவிடு என்று நாம் சொல்லி வைக்காவிட்டால் அது நேரம் வரும்வரை உள்ளேயேதான் கிடக்கும். பழைய 'டைமர்' வகுப்பை மட்டும் தொடாதீர்கள். ஒரு வேலையில் பிடிக்கப்படாத எக்செப்ஷன் எழுந்தால் அதன் ஒரே த்ரெட்டும் செத்து மொத்தமும் நின்றுவிடும்.

டிலே க்யூ தன் இடத்தில் அருமையான கருவி. தோற்றுப்போன அழைப்பைக் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வது, பயன்படுத்தாமல் கிடக்கும் இணைப்புகளை மூடுவது, பழசாகிப்போன கேஷ் பதிவுகளை அகற்றுவது என்று, இழந்தாலும் பெரிய நட்டம் இல்லாத, வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வந்து போகும் வேலைகளுக்கு அது பொருந்தும். லட்சக்கணக்கில் போனால் ஹீப் கனக்கத் தொடங்கும். செய்திகளைக் கடத்தும் மென்பொருளான காஃப்கா அந்த அளவில் டைமிங் வீல் என்னும் வட்ட அமைப்புக்குப் போயிற்று. கோரிக்கைகளை நேர வாளிகளில் போட்டு, வாளிகளை மட்டும் டிலே க்யூவில் வைத்திருக்கிறது. வெற்று வாளிகளுக்காகக் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல யோசனை, ஆனால் உங்களுக்கும் எனக்கும் தேவைப்படாத அளவு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், க்யூவே இல்லாமல், நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையில் 'கெடு கடந்து இன்னும் கடலில் இருப்பவை எவை' என்று கேட்கும் நிரலோடு தொடங்கியிருப்பேன். இருநூறு வரி கொண்ட அட்டவணைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒரு நிமிடத் தாமதம் இங்கே யாரையும் பாதிக்காது. உயிர் தொடர்பான வேலையில் நகரும் பாகங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. செய்தியின் கடைசியில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு எந்த க்யூவும் வேண்டாம். எழுதிய க்யூவை விட மனம் வரவில்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அட்டவணைதான் உண்மை, க்யூ வெறும் மணியடிப்பவன் என்ற உறவு மாறக் கூடாது. மணியடிப்பவன் தூங்கிப்போனாலும் பிடிபடும்படி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையைத் துழாவும் நிரலும் பக்கத்தில் ஓடட்டும். அதற்கு ஏதாவது அகப்படும் ஒவ்வொரு முறையும் பதிவுக் கோப்பில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

முதல் வேலையாக, இன்று இரவே ஒன்று செய்து பார்க்கலாம். படகுகள் கடலில் இருக்கும்போது ஜேஸ்டாக் கட்டளையை (த்ரெட்கள் ஒவ்வொன்றின் நிலையையும் காட்டுவது) ஐந்தாறு முறை ஓட்டி, எச்சரிக்கை த்ரெட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'ரன்னபிள்' என்று காட்டினால் அது தூங்கவில்லை, நான் சொன்ன அலகுப் பிழைதான். 'கெட்டிலே'வைத் திருத்திய பிறகு ஒவ்வொரு முறையும் 'டைம்டு வெயிட்டிங்' என்று வர வேண்டும். அப்படியும் ப்ராசஸர் அடங்காவிட்டால், 'கெட்டிலே', 'கம்பேர்டூ' இரண்டையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.